மூப்பர் எழுந்து பதில் சொல்லணும்

நூத்தி ஒம்பது.

இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க. பைபிள்ல இருக்கிற சங்கீதப் புத்தகத்துல நூத்தி ஒம்பதாவது சங்கீதம். கல்யாணத்துல இதைப் படிக்க மாட்டாங்க, சாவு வீட்டுலயும் படிக்க மாட்டாங்க. ஏன்னா அது திட்டு. ஆண்டவன் முன்னால நின்னுக்கிட்டு ஒருத்தன் தன் எதிரியை வாயாரத் திட்டுற திட்டு. பொய் நாக்கால என்னைக் குத்தினான், அவன் ஆயுசு குறையட்டும், அவன் பதவிக்கு வேற ஆள் வரட்டும், அவன் பண்ற ஜெபம் அவனுக்கே பாவமா முடியட்டும்னு போகும். எனக்கு சாமி பக்தி எல்லாம் கிடையாது. சங்கம், கொடி, நோட்டீஸு, இதோட வாழ்ந்தவன் நான். ஆனா இந்த ஒரு சங்கீதத்தை இப்போ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு இஸ்திரிக்காரி.

லாண்டரியில அவளுக்கு நீராவின்னு பட்டப்பேரு. கோபம் வந்தா மூடி தெறிக்கும், அதனால. ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் வண்டி வண்டியா வந்து இறங்குற பெரிய லாண்டரி அது. அங்க ரோலர் மெஷின்ல வேலை. பெட்ஷீட்டு ஈரமா வரும். இந்த மூலையை இவ பிடிக்கணும், அந்த மூலையை எதிர்ல ஒரு ஆள் பிடிக்கணும், ஒரே நேரத்துல உதறி, சுருக்கம் இல்லாம, கொதிக்கிற உருளைக்குள்ள விடணும். எதிர் மூலையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆள் அவ புருஷன். "வீட்டுலயும் அதே மூஞ்சி, இங்கயும் அதே மூஞ்சி, நான் எங்க போய் முட்டிக்கிறது"ன்னு அவ சத்தம் போடுவா. "உருளையில முட்டிக்காத, சுருங்கிடுவ"ன்னு அவன் சொல்வான். நல்ல ஜோடி. சங்கத்துக்குச் சந்தா கேட்டா ரெண்டு பேரும் முணுமுணுத்துக்கிட்டே கொடுப்பாங்க, ஆனா கொடுப்பாங்க.

அந்த உருளைக்கு முன்னால, விரல் மட்டத்துல ஒரு காவல் கம்பி இருக்கும். கை அதுல பட்டா மெஷின் அப்படியே நின்னுடும். அதுக்குத்தான் அந்தக் கம்பி. ஆனா துணி மடிஞ்சு அதுல தட்டினாலும் மெஷின் நிக்கும். மறுபடி ஓட விட நேரம் பிடிக்கும். சூப்பர்வைசருக்கு அது பொறுக்கல. பெரிய ஓட்டல் ஒண்ணோட துணி மலையா வந்து குவிஞ்ச வாரத்துல, கம்பியைக் கழட்டச் சொன்னாரு. நீராவியோட புருஷன் வேணாம்னான். "உன்னை யாரு கேட்டா?"ன்னாரு. கழட்டினாங்க. அந்த வாரமே அவனோட வலது கை துணியோட சேர்ந்து உள்ள போச்சு.

விசாரணை வச்சாங்க. சூப்பர்வைசர் வேதப் புத்தகத்து மேல கையை வச்சு சத்தியம் பண்ணாரு. காலையில தான் பார்த்தப்போ கம்பி இருந்துச்சாம். அதிகப் பீஸ் போட்டா அதிகக் கூலின்னு ஆசைப்பட்டு அவனே கழட்டிட்டானாம். நீராவி எதிர் மூலையில நின்னு கண்ணால பார்த்தவ. அவ எழுந்தா. "பொண்டாட்டி சொல்ற சாட்சி எடுபடாது, உட்காரும்மா"ன்னு உட்கார வச்சுட்டாங்க. மத்த தொழிலாளிங்க தரையைப் பார்த்தாங்க. சங்கம் சார்பா நான் வாதாடினேன். தோத்தோம். கையும் போச்சு, வேலையும் போச்சு, பேரும் போச்சு.

அதுக்கப்புறம் அவனைத் தெருவுல பார்க்கிறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. பாவமாவும் இருக்கும், தானே தேடிக்கிட்டதுதானேங்கிற மாதிரியும் இருக்கும். அவன் மகளைப் பள்ளிக்கூடத்துல, "உங்கப்பா காசுக்காகக் கையை வித்தவரு"ன்னு ஒரு பிள்ளை சொல்லுச்சு. அவனுக்கு நெஞ்சு நோவு வந்து படுத்தான். சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னால பொண்டாட்டியைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டான். அதை அவ என்கிட்ட சொன்னப்போ அழல. பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னா.

"அண்ணே, அவரு என்ன கேட்டாரு தெரியுமா? 'ஏய், ஒருவேளை நான்தான் கழட்டினேனோ? எனக்கே மறந்து போச்சோ?'ன்னு கேட்டாரு. ஊரு நம்பினது போதாதுன்னு அவரையே நம்ப வச்சுட்டான் அண்ணே அந்த ஆளு. கையை எடுத்தது மெஷின். இதை எடுத்தது அவன். அவன் வாயாலயே, நாலு பேரு முன்னால, கம்பி இல்லேன்னு சொல்ல வைக்காம நான் கட்டையில போக மாட்டேன்."

"எப்படிச் சொல்ல வைப்ப? விசாரணையே முடிஞ்சு போச்சு"ன்னேன்.

"அவன் ஞாயித்துக்கிழமை எங்க உட்காருறான்னு தெரியுமா?"

தெரியும். எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசர் வேலையிலிருந்து ஓய்வு எடுத்துட்டு, அந்த ஆளு சபையில மூப்பர் ஆயிட்டாரு, அதாவது சபையை நடத்துற பெரியவங்கள்ல ஒருத்தரு. வெள்ளைச் சட்டை, முன் வரிசை, காணிக்கைத் தட்டு. சத்தியம் பண்ணின அதே கையால ஜனங்களுக்குத் திருவிருந்து அப்பம் பிட்டுக் கொடுக்கிறாரு. அது மட்டும் இல்ல. ஊழியப் பயிற்சி வகுப்புன்னு சபையில ஒண்ணு நடக்கும். வேலைக்குப் போற சாதாரண ஜனங்க சனிக்கிழமை சாயங்காலம் வந்து வேதம் படிப்பாங்க, ஜெபிக்கவும் பிரசங்கம் பண்ணவும் கத்துக்குவாங்க. அந்த வகுப்புக்குக் கமிட்டித் தலைவரும் இவருதான்.

நீராவி அந்தச் சபையில போய்ச் சேர்ந்தா. கொஞ்ச காலம் பின் வரிசையில உட்கார்ந்தா. அப்புறம் பயிற்சி வகுப்புக்கு மனு போட்டா. என்கிட்ட அவ சொன்ன காரணம் இதுதான்: "அண்ணே, விசாரணையில என்னை உட்காருன்னாங்க. பிரசங்க மேடையில நிக்கிறவளை யாரும் உட்காருன்னு சொல்ல முடியாது. நான் பேசுவேன், அவன் கேட்டுத்தான் ஆகணும். அந்த மேடைக்கு வேற வழி இல்ல. படிச்சுத்தான் ஏறணும்."

மூப்பர்தான் நேர்காணல் பண்ணாரு. அவளை அடையாளம் தெரியாம இருக்குமா? மனுஷன் கொஞ்ச நேரம் மேசைமேல விரலால தட்டிக்கிட்டே இருந்தாராம். அப்புறம் முகத்துல ஒரு வெளிச்சம். ஓஹோ, ஆண்டவர் இவ மனசை மாத்திட்டாரு, நம்மளை மன்னிச்சுட்டா போலன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டாரு.

"பழசெல்லாம் மறந்தாச்சுல்லம்மா?"

"மறதி எனக்கு ஜாஸ்தி ஐயா. அதனாலதான் படிக்க வந்திருக்கேன். எதையும் மறக்கக் கூடாது பாருங்க. வசனத்தைச் சொல்றேன்."

"நல்லது, நல்லது"ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு.

வகுப்பு அந்தச் சபைக் கோவிலுக்குக் கீழ இருக்கிற ஹாலுல. சத்தம் போடுற ஒரு ஃபேன், மடக்கு நாற்காலி, அழிச்சு அழிச்சு வெளுத்துப் போன கரும்பலகை. பாடம் எடுக்கிறது பாஸ்டர். இளைச்ச மனுஷன், மெல்லப் பேசுவாரு, யாருக்கும் கெடுதல் நினைக்காதவரு, அதனாலேயே யாருக்கும் பெருசா உதவாதவரு. படிக்க வந்தவங்க ஏழெட்டு பேரு. அதுல ஒரு டாக்சிக்காரன். வண்டி ஓட்டி ஓட்டி வாய் ஓயாதவன். ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு பாஸ்டர் ஒரு நாள் பாடம் எடுத்தாரு. டாக்சிக்காரன் கையைத் தூக்கினான்.

"ஐயா, ஏழெழுபது நானூத்தித் தொண்ணூறு. நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணாவது தடவை ஓங்கி விடலாமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. பாஸ்டர், "கணக்கு வைக்காம மன்னிக்கணும்கிறதுதான் அதோட அர்த்தம் தம்பி"ன்னாரு.

நீராவி மட்டும் சிரிக்கல. "கணக்கு வேணாம்னா கணக்கை ஏன் ஐயா சொல்லணும்? பீஸ் கணக்குல வேலை செய்யறவ நான். நம்பர் சொன்னா நம்பர்தான்"னா. பாஸ்டர் அடுத்த வசனத்துக்குப் போயிட்டாரு.

அந்த வகுப்புல ஒரு வழக்கம் இருந்துச்சு. படிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் கமிட்டியில ஒருத்தருக்காகத் தினமும் ஜெபிக்கணும். சீட்டுக் குலுக்கி எடுத்தாங்க. மூப்பர் டாக்சிக்காரனுக்கு விழுந்தாரு. நீராவிக்குத் தையல் டீச்சர். வெளியில படிக்கட்டுல வச்சு அவ டாக்சிக்காரனைப் பிடிச்சா.

"தம்பி, மாத்திக்கலாமா?"

"தாராளமா மாத்திக்கோ அக்கா. அந்த ஆளுக்காக ஜெபிச்சா எனக்குக் கொட்டாவி வருது. உனக்கு என்ன அவரு மேல அவ்வளவு பாசம்?"

"பாசம்னு சொல்ல முடியாது. ஆனா தினமும் நினைக்கிற ஆளுதான்."

அப்படித்தான் மூப்பர் அவ கைக்கு வந்தாரு. புலம்பல் சங்கீதங்களைப் பாஸ்டர் நடத்தினப்போ நூத்தி ஒம்பதை ரெண்டே நிமிஷத்துல தாண்டிட்டாரு. "இது கொஞ்சம் கடினமான பகுதி, வீட்டுல படிச்சுக்கோங்க"ன்னாரு. அவ வீட்டுல படிச்சா. படிச்சுட்டு மறுநாள் சங்க ஆபீஸுக்கு ஓடி வந்தா. மூச்சு வாங்குது.

"அண்ணே, வேதத்துல இது இருக்குன்னு ஏன் யாரும் எனக்குச் சொல்லல? பொறுத்துக்கோ, பொறுத்துக்கோன்னு மட்டும்தானே இத்தனை வருஷமா சொன்னாங்க? பொய்ச்சாட்சி சொன்னவனை ஆண்டவன்கிட்டயே நேரா மாட்டி விடுறதுக்கு ஒரு சங்கீதமே இருக்கு. இந்த ஆளு சாபத்தைத் துணி மாதிரி உடுத்திக்கிட்டான்னு வருது அண்ணே. துணி என் டிபார்ட்மெண்ட்டு!"

நான் வாங்கிப் படிச்சேன். சொல்றேனே, என் வாழ்க்கையில நூத்துக்கணக்கா நோட்டீஸு எழுதியிருக்கேன், முதலாளிங்களைக் கிழி கிழின்னு கிழிச்சிருக்கேன். இந்த மாதிரி ஒண்ணு எழுத வந்ததில்ல. அதுவும் அது ஏழை எளியவனோட வலது பக்கத்துல ஆண்டவன் வந்து நிக்கிறான்னு முடியுது. விசாரணை அறையில இந்தப் பக்கத்துல நின்னவங்க எத்தனை பேருன்னு எனக்குத்தான் தெரியும்.

அன்னையிலிருந்து தினமும் ரோலர் முன்னால நின்னுக்கிட்டு, ஒவ்வொரு பெட்ஷீட்டுக்கும் அதுல ஒரு வரி. இந்த மூலையை உதறும்போது அவன் பதவிக்கு வேற ஆள் வரட்டும். உருளைக்குள்ள விடும்போது அவன் ஆயுசு குறையட்டும். அவ செஞ்சது மோசம்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். தினமும் ஜெபிக்கச் சொன்னாங்க, அவ தினமும் ஜெபிச்சா. டாக்சிக்காரன் அதைக்கூடச் செய்யல.

அப்படியே ஒரு வருஷம் ஓடிச்சு. மூப்பர் திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு. ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. பிழைக்கிறது கஷ்டம்னு பேச்சு.

நான் நினைச்சேன், நீராவி துள்ளிக் குதிப்பான்னு. ஓடி வந்தா. முகம் வெளிறிப் போயிருக்கு.

"அண்ணே, மோசம் போயிட்டேன். செத்துடுவான் போலிருக்கே!"

"நீ கேட்டது அதுதானே?"

"மடத்தனமா கேட்டுட்டேன் அண்ணே. ஆயுசு குறையட்டும்னு கேட்டேன், எப்போன்னு சொல்லாம விட்டுட்டேன். இவன் இப்போ செத்தா நல்ல மனுஷன்னு சொல்லிப் புதைப்பாங்க. கம்பி இருந்துச்சுன்னே முடிஞ்சு போகும். அவன் சாகக் கூடாது. வாய் இருக்கணும், மூச்சு இருக்கணும், முன் வரிசையில வந்து உட்காரணும்."

அன்னைக்கு ஆரம்பிச்சா வேற ஜெபம். அடுத்த சனிக்கிழமை வகுப்புல எல்லாரும் மூப்பருக்காகக் கடமைக்கு நாலு வார்த்தை சொன்னாங்க. இவ முழங்கால்ல விழுந்தா. கதறினா. "ஆண்டவரே, அவரை எடுத்துக்காதீங்க! அவரு சபைக்கு முன்னால எழுந்து நிக்கணும்! அவரு வாயைத் திறக்கணும்!"னு ஹாலே அதிரக் கத்தினா. பாஸ்டர் கண் கலங்கிட்டாரு. கேட்டவங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. விசாரணையில புருஷனுக்கு எதிரா சாட்சி சொன்னவருக்காக ஒருத்தி இப்படி உருகுறாளேன்னு ஊரெல்லாம் பேச்சு.

மூப்பர் பிழைச்சுக்கிட்டாரு. அவரு சம்சாரம் பை நிறையப் பழம் வாங்கிக்கிட்டு லாண்டரி வாசலுக்கே வந்துட்டாங்க. அந்த அம்மா நல்லவங்க, எதுவும் தெரியாதவங்க.

"உங்க ஜெபம்தாம்மா அவரை எழுப்பிச்சு. பாஸ்டர் சொன்னாரு. நீங்க ஒரு தேவதை."

"அப்படியெல்லாம் இல்லம்மா. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க. மாத்திரையை ஒழுங்காப் போடச் சொல்லுங்க. குளிர்ல வெளிய விடாதீங்க. என் பிரசங்கத்தன்னைக்கு அவரு வந்தே ஆகணும்."

"கண்டிப்பா வருவாரும்மா!"

பழத்தை வாங்கி அவ மெஷின்காரங்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தா. எனக்கும் ஒண்ணு வந்துச்சு. நல்ல ருசி.

இப்போ அந்த விதியைச் சொல்லணும். பயிற்சி முடியுற ஒவ்வொருத்தரும் சபை முன்னால சோதனைப் பிரசங்கம் ஒண்ணு பண்ணணும். முன்னெல்லாம் கமிட்டிக்காரங்க அதைக் கேட்காம தூங்குவாங்களாம். இந்த மூப்பர் தலைவரா வந்தப்போ, லாண்டரியில தொழிலாளியை முறைச்ச அதே பழக்கத்துல, கமிட்டியை முழிக்க வைக்க ஒரு விதி போட்டாரு. பிரசங்கம் ஒரு கேள்வியோட முடியணும். கமிட்டியில இருக்கிற அஞ்சு பேரும் ஒவ்வொருத்தரா எழுந்து, அந்தக் கேள்விக்குத் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து பதில் சொல்லணும். 'நாம்'னு சொல்லக் கூடாது, 'நான்'னு சொல்லணும். ஒருத்தர் பதில் சொல்லாட்டியும் பிரசங்கம் செல்லாது. அடுத்த மாசம் அதே ஆளு, அதே வசனத்தை எடுத்து, அதே கேள்வியோட மறுபடி பண்ணணும். ஏற்கெனவே பதில் சொன்னவங்களும் பழைய பதிலையே சொல்லக் கூடாது, புதுசா சொல்லணும். அச்சடிச்சு ஹாலுல ஒட்டியே வச்சிருக்காரு, கீழ அவரு கையெழுத்தோட. விதியை மாத்தணும்னா வருஷக் கூட்டத்துல ஏன்னு காரணம் சொல்லி மாத்தணும்.

நீராவி அந்தத் தாளை எனக்குக் காட்டினா. நான் படிச்சேன். மறுபடி படிச்சேன். முதலாளி போட்ட விதியை அப்படியே எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிச்சு முதலாளியை முட்டி போட வைக்கிற வேலை ஒண்ணு உண்டு. அதை நான் ஆயுசு பூரா தொழிலாளிங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். இதைவிட லட்டு மாதிரி ஒரு விதி என் கையில கிடைச்சதே இல்ல.

வசனம் எதுன்னு முன்கூட்டியே பாஸ்டர்கிட்ட சொல்லணும். சொன்னா. பாஸ்டர் அவளைத் தனியா உட்கார வச்சுப் பேசினாரு.

"நூத்தி ஒம்பதா? ஏம்மா, இருபத்திமூணாம் சங்கீதம் எவ்வளவு அழகா இருக்கு. மேய்ப்பர், புல்வெளி, அமர்ந்த தண்ணீர்..."

"ஐயா, எனக்குப் புல்வெளி வேணாம். லாண்டரியில கொதிக்கிற தண்ணிதான் பழக்கம்."

"பழிவாங்குறது ஆண்டவருக்கு உரியதும்மா."

"அதுதான் ஐயா நானும் சொல்றேன். நான் கை ஓங்கலையே. அவரு கையிலதான் கொடுக்கிறேன். எல்லாரும் பார்க்கிற மாதிரி கொடுக்கிறேன். நூத்தி ஒம்பது வேதத்துல இருக்கா இல்லையா?"

"இருக்கு..."

"அப்போ அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்க, நான் வேற எடுக்கிறேன்."

பாஸ்டர் வேதத்தை மூடி வச்சாரு. அப்புறம் மெல்ல, "பண்ணும்மா"ன்னாரு. அவரு வாழ்க்கையில செஞ்ச ஒரே வீரம் அதுதான்னு நினைக்கிறேன். போதும்.

அந்த ஞாயித்துக்கிழமை நான் போனேன். நீராவியோட மக பக்கத்துல உட்கார்ந்தேன். மூப்பர் முன் வரிசையில, கைத்தடியோட, நல்லாத் தேறி, வெள்ளைச் சட்டையில. பக்கத்துல கமிட்டி: ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், தையல் டீச்சர், கான்ட்ராக்டர். நீராவி மேடையில ஏறினா. சேலை நீட்டா இஸ்திரி போட்டிருக்கு. மேடை மரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சா, பெட்ஷீட் மூலையைப் பிடிக்கிற மாதிரி.

சங்கீதத்தை முழுசாப் படிச்சா. அப்புறம் பேசினா.

"நான் படிக்காதவ. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரு மனுஷனுக்காக ஒரு வருஷம் தினமும் ஜெபிச்சேன், அவரு சாகணும்னு. அப்புறம் அவரு சாகக் கிடந்தப்போ, பிழைக்கணும்னு ஜெபிச்சேன். ஏன்னு ஆண்டவருக்குத் தெரியும். ரெண்டையும் அவரு காது கொடுத்துக் கேட்டாரு. பின்னதைத்தான் கொடுத்தாரு. அதனால இந்தப் பிரசங்கம் நடக்கணும்கிறது அவரு சித்தம்னு எடுத்துக்கிறேன். இந்தச் சங்கீதத்துல ஒருத்தன் அழுதுக்கிட்டே நிக்கிறான். அவன்மேல பொய் சொல்லிட்டாங்க. கையை வெட்டினா ரத்தம் தெரியும். பேரை வெட்டினா ஒண்ணும் தெரியாது. வெட்டினவன் அப்பம் கொடுப்பான், பாட்டுப் பாடுவான். வெட்டுப்பட்டவன் நான்தான் தப்புப் பண்ணேனோன்னு கேட்டுக்கிட்டே சாவான். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் செத்தாரு. கேள்வி இதுதான். யாரு மேல நீங்க பொய்ச்சாட்சி சொன்னீங்க?"

ஹெட்மாஸ்டர் எழுந்தாரு. தொண்டையைச் செருமினாரு. "நான்... ஒரு பையன் என் கடிகாரத்தைத் திருடிட்டான்னு சொல்லிப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிட்டேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்துச்சு." மருந்துக்கடைக்காரரு காலாவதியான மாத்திரையை வித்த பழியைக் கடையில வேலை செஞ்ச பொண்ணு தலையில கட்டினதைச் சொன்னாரு. தையல் டீச்சர் தன் நாத்தனாரைப் பத்திச் சொல்லி அழுதுட்டாங்க. கான்ட்ராக்டர், "எனக்கு அப்படி எதுவும்... சரி, என் தம்பி மேல"ன்னு படக்குன்னு உட்கார்ந்தாரு.

மூப்பர் எழல. "எனக்கு உடம்பு முடியல"ன்னாரு.

செல்லாது. அடுத்த மாசம்.

அடுத்த மாசம் அதே நூத்தி ஒம்பது. கோவில்ல உட்கார இடம் இல்ல. லாண்டரியே வந்திருந்துச்சு, அன்னைக்கு விசாரணையில தரையைப் பார்த்த முகங்களும் அதுல இருந்துச்சு. நாலு பேரும் மறுபடி ஆளுக்கொரு அழுக்கைத் தேடி எடுத்து எல்லாரு முன்னாலயும் அலச வேண்டியதாப் போச்சு. ஹெட்மாஸ்டருக்கு மூஞ்சி சிவந்துடுச்சு. மூப்பர் இந்தத் தடவை எழுந்தாரு. "நாம் எல்லாருமே பாவிகள்..."

"'நான்'னு சொல்லணும்"னாரு ஹெட்மாஸ்டர், உட்கார்ந்த இடத்துலயே. "நீங்க எழுதின விதி. செவுத்துல ஒட்டியிருக்கு."

மூப்பர் நின்னாரு. வாயைத் திறந்தாரு. மூடினாரு. உட்கார்ந்துட்டாரு. செல்லாது.

அதுக்கப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண வேண்டியிருக்கல. கமிட்டியே பார்த்துக்கிச்சு. மூணாவது தடவை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால கோவில் வாசல்ல கான்ட்ராக்டர் மூப்பரைப் பிடிச்சதை என் காதால கேட்டேன்.

"ஐயா, எனக்குத் தம்பி முடிஞ்சாச்சு, மச்சானும் முடிஞ்சாச்சு. இன்னைக்கு மாமனாரைச் சொல்லப் போறேன். இன்னொரு மாசம் இழுத்தீங்கன்னா நான் குடும்பத்தோட இருக்க முடியாது. என்ன இருக்கோ அதைக் கக்கித் தொலைங்க."

மூணாவது தடவை. நீராவி ஒரு வார்த்தை மாத்தல. கேள்வியைக் கேட்டா. நாலு பேரும் சொன்னாங்க. அப்புறம் எல்லாரும் மூப்பரைப் பார்த்தாங்க. மூணாவது வரிசையில அவரு சம்சாரமும் பார்த்தாங்க.

எழுந்தாரு. ஏதோ முணுமுணுத்தாரு.

"கேட்கல மூப்பரே"ன்னா நீராவி, மேடையிலிருந்து. "லாண்டரியில மெஷின் சத்தத்துக்கு மேல கத்துவீங்களே, அந்தச் சத்தத்துல சொல்லுங்க."

"கம்பி இல்ல!"ன்னாரு. கோவில்ல எதிரொலிச்சுது. "நான்தான் கழட்டச் சொன்னேன். அந்த ஆளு வேணாம்னு சொன்னாரு. வேதத்து மேல கையை வச்சு நான் பொய் சொன்னேன்."

"எந்த ஆளு? பேரைச் சொல்லுங்க."

அவ புருஷன் பேரை முழுசாச் சொன்னாரு. என் பக்கத்துல இருந்த மக என் கையைப் பிடிச்சு நசுக்கினா. இன்னும் வலிக்குது. வலிக்கட்டும்.

மூப்பர் பதவியை விட்டாரு. தையல் டீச்சர் இப்போ கமிட்டித் தலைவர். அவன் பதவிக்கு வேற ஆள் வரட்டும்னு அவ கேட்டது எழுத்துக்கு எழுத்து நடந்துச்சு. அவரு சொன்னதை நான் நோட்டீஸா அடிச்சு, லாண்டரி கேட்டுல நின்னு, வேலைக்கு வந்த ஒவ்வொருத்தர் கையிலயும் திணிச்சேன். முதலாளி கார் கண்ணாடியிலயும் ஒண்ணு ஒட்டினேன். நீராவி சோதனையில பாஸாயிட்டா. மாசத்துல ஒரு ஞாயிறு ஆஸ்பத்திரி வார்டுல ஜெபிக்கப் போறா. நோயாளிங்க படுத்திருக்கிறது அவ இஸ்திரி போட்ட பெட்ஷீட்டுல.

அந்த மூணாவது ஞாயித்துக்கிழமை, கூட்டம் கலைஞ்சதும், பாஸ்டர் அவகிட்ட வந்து கையைக் கூப்பினாரு.

"அம்மா, அவரு சொல்லிட்டாரு. இப்போ மன்னிச்சுடு. நீ படிச்ச பாடம்."

"மன்னிக்கிறேன் ஐயா. வேதம் சொல்லுதே, செய்யாம இருக்க முடியுமா? ஆனா எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்காதீங்க. காலையில கண்ணு முழிச்சா கோபமும் கூடவே முழிக்குது. தினமும் புதுசா மன்னிக்கணும். பீஸ் கணக்குதான் எனக்குத் தெரியும். ஏழெழுபதுன்னு ஆண்டவரு சொல்லியிருக்காரு. நானூத்தித் தொண்ணூறு போட்டுத் தரேன். ஒண்ணுகூடக் குறைய மாட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவன் ஜாக்கிரதையா இருக்கட்டும்."

இது நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் நீராவியை வழியில பார்த்தேன். மூப்பர் இன்னும் கைத்தடியோட நடமாடிக்கிட்டுத்தான் இருக்காரு, இவளைக் கண்டா தெருவோட அந்தப் பக்கம் போயிடுறாராம். கணக்கு எப்படிப் போகுதுன்னு கேட்டேன்.

"மெதுவாத்தான் போகுது அண்ணே. வாயால மன்னிக்கிறதை எல்லாம் சேர்க்க மாட்டேன். சுருக்கம் இருந்தா அந்தப் பீஸ் ரிஜெக்ட்டு. மடிப்பு இல்லாம, மனசார வந்தாத்தான் எண்ணுவேன்."

"இதுவரைக்கும் எத்தனை தேறியிருக்கு?"

"பதினொண்ணு."